பொத்தானை அழுத்தியபின் ஒரு மூச்சு

மக்கா,

நம் சங்கத்து ஆண்டு மலருக்கு, திருவனந்தபுரத்து ஹாம்களிடம் டிஜிட்டல் வந்த கதையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமாம். நானும் பேனாவை எடுத்து, 'அமெச்சூர் ரேடியோ என்பது' என்று ஆரம்பித்தேன். உன் அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "கெஜட் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குக் காபி போடப் போய்விட்டார். கிழித்துப் போட்டேன். யோசித்துப் பார்த்தால் அந்தக் கதையில் பாதிக்கு மேல் நீதான் இருக்கிறாய். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன், மலரில் போடுவதானால் இதையே போடட்டும். ஆவணியில் உனக்குக் கல்யாணம், முடிந்த கையோடு சிங்கப்பூர். உன்னை நேரில் உட்கார வைத்துப் பாராட்ட எனக்கு வராது. பாராட்டலாம் என்று வாயைத் திறந்தால், குளித்தாயா, சாப்பிட்டாயா, ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய் என்றுதான் வருகிறது. காகிதம் என்றால் நீ குறுக்கே பேச மாட்டாய் அல்லவா.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள். ஹாம் என்றால் பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே ரேடியோவில் பேசுகிற ஆள். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஓர் அழைப்புக்குறி ஒவ்வொருவருக்கும் உண்டு, பேச்சைத் தொடங்கும்போது அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நான் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும்போதே மோர்ஸ் தந்திக்குறி கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவள். பெண் பார்க்க வந்த உன் அப்பா வீட்டுக்காரர்கள் பெண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்க, என் அப்பா கொஞ்சமும் தயங்காமல், "பாட்டு வராது, மோர்ஸ் வரும்" என்று சொன்னார். அது தையலில் ஒரு வகை என்று உன் அத்தை கல்யாணம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கு நான் வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு ஆன்டெனாவும் வண்டியிலிருந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு நம் ஆட்கள் ரேடியோவில் கூடுவார்கள். ஒருவர் கன்ட்ரோலாக இருந்து அழைப்பார், ஒவ்வொருவராக அழைப்புக்குறியைச் சொல்லி, உடம்பு எப்படி, மழை எப்படி என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்குவார்கள். உன் வயதைவிடக் கூடுதலான வருஷங்களாக அந்த கன்ட்ரோல் நாற்காலி என்னுடையது. ஆபீசில் கணக்கு எழுதிய என்னை யாருக்கும் தெரியாது, 'கன்ட்ரோல் அக்கா' என்றால் பாறசாலையிலிருந்து பொன்முடி அடிவாரம் வரைக்கும் தெரியும். அந்த நாற்காலிக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. கன்ட்ரோல் தன் காதால் பிடித்த அழைப்புக்குறியை மட்டுமே வந்ததாகச் சொல்லலாம், பக்கத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. இன்னொன்று, அழைக்கிறவர்களுக்கு: மூன்று முறை கூப்பிட்டும் கன்ட்ரோல் பதில் சொல்லவில்லை என்றால், அன்றைக்கு அலை சரியில்லை என்று எடுத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கிவிட வேண்டும். இந்த இரண்டு வழக்கமும் சேர்ந்து என்னை என்ன செய்தன என்பதுதான் கதை.

பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் ஸ்டீபன் சார் இருக்கிறார். மார்த்தாண்டத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவி வழி வந்த நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மனைவியும் போனபிறகு தனி ஆள். மலை மறைவு என்பதால் அவர் குரல் ஊருக்குள் வந்து சேரும்போது இரைச்சல்தான் முக்கால்வாசி இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் வெறும் 'உஸ்' என்று கேட்கிற இடத்தில் நான் அவரைப் பிடித்துவிடுவேன். "ஸ்டீபன் சார், வந்துட்டீங்க, சொல்லுங்க" என்று நான் சொன்னதும் சாலைக்கடைத் தெருவிலிருந்து மாடசாமி அண்ணாச்சி, "எக்கா, அங்கன ஆளு இருக்கா? எனக்கு மழை பெய்யித சத்தந்தான் கேக்கு" என்பார். அண்ணாச்சிக்கு இரும்புக்கடை, திருநெல்வேலிக்காரர், வாயைத் திறந்தால் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். அவர் அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தலைக்குள் கொஞ்சம் கர்வம் ஏறும். மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே ஏறும்.

பிறகு ஸ்டீபன் சார் வருவது நின்றுபோனது. மழைக்காலத்தில் ஆன்டெனா கெட்டிருக்கும், சரி செய்ததும் வருவார் என்று நினைத்தேன். நீ அப்போது கழக்கூட்டத்து டிராஃபிக்குக்குப் பயந்து ஆபீஸ் பக்கத்திலேயே நண்பர்களோடு ஃப்ளாட்டில் இருந்தாய், அங்கிருந்து தினமும் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தச் சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்து, நான் அடுப்படியில் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"அம்மா, ஸ்டீபன் சார் தினமும் வர்றாரு. மூணு தரம் கூப்பிடுறாரு. நீ அடுத்த ஆளுக்குப் போயிடுற."

"வந்தா எனக்குக் கேக்காதா? நீ எனக்குப் படிச்சுக் குடுக்கியோ?"

"ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். கேட்டுப் பாரு."

போனை என் காதருகே வைத்தாய். கேட்டேன். இரைச்சல்தான் இருந்தது. இன்னொரு தடவை போட்டாய். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், பிறகு அணைத்துவிட்டு, "சாரமில்ல அம்மா, போகட்டும்" என்றாய். எனக்கு அழுகை வந்தது, கோபம் மாதிரி வந்தது. உன்னை வெளியே போகச் சொல்லிவிட்டு ஒன்றுக்கும் உதவாத ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அன்று தோன்றாதது இன்றைக்குத் தோன்றுகிறது. நீ அதை ரேடியோவில் சொல்லியிருக்கலாம். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது "கன்ட்ரோல், கல்லாறு அழைக்கிறார்" என்று எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். சனிக்கிழமை வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்து, அப்பாகூட இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாய். அந்தப் பக்குவம் என்னிடமிருந்து வந்திருக்க வழியில்லை, உன் அப்பாவிடமிருந்தும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அவர், "நான் கூப்பிட்டா மட்டும்தான் இவளுக்குக் காது கேக்காதுன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேனே" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அன்றே ஸ்டீபன் சாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன கன்ட்ரோல், அலை சரியில்லேன்னு நெனச்சேனாக்கும். நாளைக்கும் கூப்பிடுவேன், நீங்க கேட்டாலும் சரி, கேக்கல்லேன்னாலும் சரி" என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, கூர்மையான சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, இனி வராது என்றார். சொல்லைச் சொல்லாக ஆக்குகிற சின்னச் சின்ன ஒலிகள் எல்லாம் அந்தக் கூர்மையில்தான் இருக்கின்றனவாம். காதுக்கருவி வாங்கினோம். வீட்டுப் பேச்சுக்கு அது உதவியது. ரேடியோ முன்னால் அது இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கி மண்டையைக் குடைந்தது. நாற்காலியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நீதான் ஓணம் வரைக்கும் பொறு என்றாய். எதற்கு என்று கேட்டதற்கு, "அம்மா, இரைச்சலே இல்லாத ரேடியோ ஒண்ணு இருக்கு" என்றாய்.

அதைச் சங்கத்துக்கு அறிமுகப்படுத்த நீ செய்த முதல் கூட்டம் படுதோல்வி. நான் உன் அம்மா, நானே சொல்கிறேன். திரையில் படம் மேல் படமாகப் போட்டாய். குரலை எண்களாக மாற்றி அனுப்புவது, நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே அலையில் இரண்டு பேர் பேசுவது, வீட்டில் சோப்புப் பெட்டி அளவு கருவியை வைத்து இன்டர்நெட் வழியாக அடுத்த ஊரைப் பிடிப்பது என்று உன் ஆபீஸ் பாஷையில் ஓடிக்கொண்டே இருந்தாய். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். அண்ணாச்சி எழுந்து, "ஏ தம்பி, இன்டர்நெட் வழியாப் பேசுததுக்கு எதுக்குவே ஆன்டெனா? பேசாம எல்லாரும் வாட்ஸ்ஆப்ல பேசிட்டுப் போவோமே" என்று கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கும் அதே எண்ணம்தான், உன் பக்கம் நிற்கவேண்டிய ஒரே ஆள் நான் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து ஒரு வேன் பிடித்து எங்கள் எல்லாரையும் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஸ்டீபன் சார் கையால் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் உண்டு என்று சொன்னதால்தான் பாதிப் பேர் வந்தார்கள், அது வேறு விஷயம். வேனில் இரண்டு ரேடியோ வைத்தாய், ஒன்று பழையது, ஒன்று டிஜிட்டல். நகரத்தில் உட்கார்ந்திருந்த உன் நண்பன் இரண்டிலும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தான். நெடுமங்காடு தாண்டியதும் பழையதில் இரைச்சல் ஏற ஆரம்பித்தது. டிஜிட்டலில் அவன் பக்கத்து சீட்டிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. குரல் என்னவோ எவர்சில்வர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற குரல்தான். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ரேடியோவில் ஒரு முழு வாக்கியத்தை நான் விடாமல் கேட்டேன், அதை யாரிடமும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலைக்கு அந்தப் பக்கம் வளைவு திரும்பியதும் டிஜிட்டல் பட்டென்று செத்துப்போனது. பழைய ரேடியோவில் மட்டும் இரைச்சலுக்கு அடியில் இரண்டொரு சொல் முனகிக்கொண்டிருந்தது.

"பாத்தியாலே! ஒன் சாமான் செத்துப்போச்சு, நம்ம சாமான் இன்னும் உசுரோட கெடக்கு!" என்று அண்ணாச்சி சீட்டிலிருந்து எழுந்தே விட்டார்.

"சரிதான் அண்ணாச்சி" என்றாய் நீ. "அதுதான் வித்தியாசம். டிஜிட்டல் கடைசி வரைக்கும் நல்லாக் கேக்கும், பின்ன ஒண்ணுமே கேக்காது. பழசு கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். ரெண்டும் வேணும். பழசத் தூக்கிப் போடச் சொல்லி நான் வரல்ல."

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். விற்க வந்தவன் தன் சரக்கின் குறையைத் தானே சொல்லி அவர் கடைத்தெருவில் பார்த்ததில்லை போலிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவரே, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுடே, சும்மா பாப்போம்" என்றார். மக்கா, அன்று வேனில் நீ தோற்றதாகக் காட்டிக்கொண்டு ஜெயித்தாய் என்று சங்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும், நீ காட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. உண்மை அப்படி இருந்தது, அதைச் சொன்னாய், அவ்வளவுதான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வீடு வீடாகப் போனாய். புது ரேடியோவுக்குள் யார் யார் குறி, எந்த அலை, எந்தக் குழு என்று கம்ப்யூட்டரில் வைத்து ஏற்ற வேண்டும், அந்த வேலையை எல்லாருக்கும் நீயே செய்து கொடுத்தாய். டிஜிட்டல் அலை எட்டாத ஸ்டீபன் சார் வீட்டில் அந்தச் சோப்புப் பெட்டிக் கருவியை இன்டர்நெட்டோடு மாட்டி வைத்தாய். போன வீட்டிலெல்லாம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருந்து, சாப்பிட்டுவிட்டு வந்தாய். ஒரே கேள்வியை ஒரே ஆள் ஐந்தாம் தடவை கேட்டாலும் முதல் தடவை போலவே பதில் சொன்னாயாம், அண்ணாச்சி வீட்டு மதினி சொன்னார்கள். சின்ன வயதில் உனக்குப் பின்னக்கணக்கு சொல்லித்தரும்போது இரண்டாம் தடவையே ஸ்கேலைத் தேடியவள் நான். எனக்குப் பிறந்த பிள்ளையா இது என்று நினைத்துக்கொண்டேன்.

டிஜிட்டலில் முதல் காலைக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். பெரிய கூத்து. பழைய ஹாம்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: இடைவெளி கிடைத்ததும் பொத்தானை அழுத்துகிற விரலும் அழைப்புக்குறியைச் சொல்கிற வாயும் ஒன்றாக வேலை செய்யும். முந்தாவிட்டால் வேறொருவர் முந்திவிடுவார். டிஜிட்டலில் அழுத்தியதும் வழி திறக்கக் கொஞ்சம் நேரமாகிறது, அதற்குள் சொன்னது எங்கேயும் போவதில்லை. விளைவு, அத்தனை பேருக்கும் தலை போய்விட்டது. பாதிக் குறி, பாதிப் பெயர், "...சாமி பேசுதேன்", "...பன் இங்கே" என்று முண்டமாக வந்து விழுந்தார்கள். போதாததற்கு ஒருவர் விட்ட நொடியே அடுத்தவர் அழுத்தியதால், வெளியே காத்திருந்தவர்களுக்கு உள்ளே நுழைய இடமே கிடைக்கவில்லை. அண்ணாச்சி போனில் கூப்பிட்டு உன்னைத் திட்டினார். நீ மறுநாள் ரேடியோவில் வந்து இரண்டே விஷயம் சொன்னாய். பொத்தானை அழுத்துங்கள், ஒரு மூச்சு விடுங்கள், அதற்குப் பிறகு பேசுங்கள். அடுத்தவர் முடித்ததும் ஒரு மூச்சு பொறுங்கள், வேறு யாராவது காத்திருக்கலாம். அறுபதும் எழுபதும் தாண்டிய ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மூச்சு விட்டுப் பழகினார்கள். ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவது நம் கூட்டத்தில் அன்றோடு நின்றது.

எல்லாரும் பழகினார்கள், நான் ஒருத்தி மட்டும் முரண்டு பிடித்தேன். டிஜிட்டலில் யாராவது பேசினால் அவர் குறியும் பெயரும் ரேடியோவின் சின்னத் திரையில் எழுத்தாக வந்துவிடும். எனக்காகத்தான் நீ இவ்வளவும் செய்தாய் என்றால் அதில் முக்கியமானது அந்தத் திரை. இரைச்சல் போய்விட்டாலும், ஒரே மாதிரி ஒலிக்கிற எழுத்துகளில் எனக்கு இன்னும் தடுமாற்றம் இருந்தது. ஆனால் காதால் பிடித்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தில் வளர்ந்தவளுக்கு, எழுதி வைத்ததைப் பார்த்துப் பெயர் வாசிப்பது பரீட்சையில் காப்பி அடிப்பது மாதிரி இருந்தது. உன் அப்பாவின் கைக்குட்டை ஒன்றை எடுத்துத் திரை மேல் போட்டு மூடினேன். தடுமாறினேன், தப்பாகச் சொன்னேன், மறுபடி சொல்லச் சொன்னேன், மூடியதை மட்டும் எடுக்கவில்லை. நீ வந்து பார்த்தாய். "கண்ணாடி போட்டுத்தானே அம்மா பேப்பர் வாசிக்குற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். "கண்ணாடி எனக்கு எழுத்தைக் காட்டும், இன்ன எழுத்துன்னு சொல்லித் தராது" என்றேன். நீ அடுத்த வாரமே இன்னொரு கருவியைக் கொண்டு வந்து அதே ரேடியோவோடு இணைத்துவிட்டுப் போனாய். இன்டர்நெட் இல்லாமல், பேச்சும் இல்லாமல், டைப் செய்த ஒரு வரியை அலையிலேயே அனுப்புகிற வித்தை அது. கிர்ர் என்று ஒரு சத்தம் போகும், மலை மேலிருக்கும் நம் சங்கத்து ரிலே நிலையம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும், இந்தப் பக்கம் ரேடியோவின் அதே சின்னத் திரையில் எழுத்தாக வரும். கிடைத்தது என்று பதில் வருகிற வரைக்கும் அது விட்டுவிட்டுத் தானாகவே மறுபடியும் மறுபடியும் அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்டீபன் சாருக்கும் ஒன்று வைத்துக் கொடுத்தாய். எனக்கு அது வேண்டாத வேலையாகத் தெரிந்தது.

அந்த மழை நாளை நான் விவரிக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். பொன்முடிப் பக்கம் மதியத்திலிருந்து கொட்டியது. கல்லாற்றில் கரண்ட் போய், இன்டர்நெட் போய், போனும் போய்விட்டது. டிஜிட்டலில் ஸ்டீபன் சார் இருக்க வழியில்லை என்பதால் எல்லாரும் பழைய அலைக்கு வந்து அவரைக் கூப்பிட்டோம். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "ஆரோ கூப்பிடுதாங்கக்கா, ஒரு வார்த்தைகூட வெளங்கல. நீங்க பிடிச்சிருவீங்கல்லா, பாருங்க" என்றார் அண்ணாச்சி. முன்னாலென்றால் பிடித்திருப்பேன். காதுக்கருவியைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன், ஸ்பீக்கரோடு தலையை ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த மனிதர் வெள்ளத்துக்கு நடுவே தனியாக உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மூன்று முறை கூப்பிட்டுவிட்டு மரியாதையாக ஒதுங்கிவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒதுங்கவும் செய்தார், முனகல் நின்றுபோனது. அப்போதுதான் கிர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும். எனக்கு ஓடவே இல்லை, கோளாறு என்று நினைத்தேன். நீ கழக்கூட்டத்தில் ஆபீஸ் கார் பார்க்கிங்கில் கைரேடியோவோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். சங்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உன் குரல் வந்தது.

"அம்மா, துணியை எடு."

எடுத்தேன். 'கல்லாறு. தண்ணீர் ரோட்டில். டூரிஸ்ட் இரண்டு குடும்பம் என் வீட்டில். எல்லாரும் நலம். ஒரு அம்மாவுக்கு சுகர் மருந்து வேண்டும்.' சின்னச் சின்ன எழுத்து. எத்தனை தடவை வந்து துணிக்கு அடியில் காத்துக்கொண்டிருந்ததோ தெரியாது. நான் பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அதைச் சத்தமாகப் படித்தேன். அண்ணாச்சி அந்தப் பக்கம் தாசில்தார் ஆபீசுக்குப் போனைப் போட்டார். நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி, 'கிடைத்தது சார், மருந்து வரும்' என்று அனுப்பினேன். பொழுது சாயும்வரை அப்படியே போனது. அங்கிருந்தவர்களின் பெயர், அவர்கள் வீட்டு போன் நம்பர், இங்கிருந்து அவர்களுக்குச் செய்தி என்று மாற்றி மாற்றி. ஜீப்பில் மருந்து போய்ச் சேர்ந்ததும் கிர்ர் என்று வந்த கடைசி வரியில் ஸ்டீபன் சார் 'நன்றி கன்ட்ரோல்' என்று மட்டும் அனுப்பியிருந்தார். கரண்ட் வந்தபிறகு ஒரு நாள் காலைக் கூட்டத்தில் அவர், "கன்ட்ரோல், அன்னைக்கு நான் கூப்பிட்டத நீங்க கேட்டியளே, அது போதுமாக்கும்" என்றார். கேட்டேன் சார் என்று சொன்னேன். கண்ணால் கேட்டேன் என்று திருத்தத் தோன்றவில்லை. துணி உன் அப்பாவின் அலமாரிக்குத் திரும்பிப் போய்விட்டது. நாற்காலி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நீ அதற்குப் பிறகும் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லியிருப்பேன், உன் அப்பாவைக் கேட்டுப் பார். மிஷினை யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பிடிவாதக்காரியின் மூக்கு உடையாமல் அவளுக்கு அதைப் பழக்கிக் கொடுத்தாயே, அதை எங்கே படித்தாய் என்று தெரியவில்லை. எனக்கு உன்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருக்கிறது, மக்கா. இதோ எழுதிவிட்டேன்.

போன வாரம் அஞ்சு வந்திருந்தாள், புடவை பார்க்க. மலரைப் படிக்கிறவர்களுக்கு: நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண், கொல்லத்துக்காரி, உன்னோடு அதே ஆபீசில் இருந்தவள். "ஆன்ட்டி, இவனுக்கு எந்தா பிரச்னை? நான் என்ன கேட்டாலும் ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் பதில் பறயுவான்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அவன் வழி திறக்கக் காத்திருக்கிறான் மோளே, என்று சொல்லி, அழுத்துவதையும் மூச்சு விடுவதையும் விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் உனக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். அந்த மூச்சு ஒன்று போதும், பத்து மூச்சு விட்டால் எதிராளி நீ போய்விட்டாய் என்று நினைத்துக்கொள்வாள். அவள் பேசி முடித்ததும் கொஞ்சம் பொறு, இன்னும் ஏதாவது வைத்திருப்பாள். சண்டை வந்தால் கொஞ்சம் இரைச்சலோடு பேசினாலும் பேசு. வேனில் பார்த்தோமே, கடைசி வரைக்கும் தெளிவாக இருந்துவிட்டுப் பட்டென்று அறுந்துபோகிற வேலை மட்டும் வீட்டில் வேண்டாம். உன் அப்பாவும் நானும் இத்தனை வருஷமாக இரைச்சலில்தான் குடும்பம் நடத்துகிறோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சிங்கப்பூரில் பேசுவதற்கு அந்த ஊர் அரசாங்கம் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும், அதற்குச் சில மாதம் ஆகலாம், அதுவரைக்கும் போனில் நம் கூட்டத்தைக் கேட்க மட்டும்தான் முடியும் என்று சொன்னாய். இங்கே ஆறு மணி என்றால் அங்கே எட்டரை, ஆபீஸ் ரயிலில் இருப்பாய். அண்ணாச்சி, "பதில் சொல்ல முடியாத ஆள ரோல்கால்ல எதுக்குக்கா கூப்பிடணும், எடுத்திருவோம்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஸ்டீபன் சாருக்கு அடுத்து உன் அழைப்புக்குறி, அந்த இடம் அப்படியே இருக்கும். நான் காது கேட்காமல் தாண்டிப் போன அத்தனை காலையிலும் அந்த மனிதர் கல்லாற்றில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாரே, இனி அது என் முறை. தினமும் பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, உன்னைக் கூப்பிடுவேன். திரையில் உன் பெயர் வராது. ஒரு மூச்சு பொறுத்துவிட்டு அடுத்தவருக்குப் போவேன், அவ்வளவு நேரமும் நீ ரயிலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறு.

உன் அம்மா